இருட்டு நுகர்வோர்

பசுமை மின்னேற்ற நேர ஒழுங்கு வாரியம் என்று ஒன்று கோயம்புத்தூரில் வந்து உட்கார்ந்தபோது யாருக்கும் அதன்மேல் கோபமில்லை. யோசனை நல்ல யோசனைதான். உச்சிவெயிலில் சோலார் கரண்ட் வாங்க ஆளில்லாமல் வீணாகக் கிடக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து காற்றாலைகளைச் சுழற்றித் தள்ளுகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் காரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் நிலக்கரி மிச்சம், புகையும் மிச்சம். ஆறாவது படிக்கும் பிள்ளை அரைப் பக்கத்தில் எழுதிக் காட்டிவிடும். வாரியம் அதை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதியது. சனி பிடித்தது அங்கேதான்.

சோமனூருக்குப் பக்கத்தில் இருக்கும் மயில்சாமி அந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. அவர் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருசம் வேலை பார்த்தார். மில்லை மூடிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் மனைவி பாவாத்தாளுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள், கோயம்புத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பகல் பதினொரு மணிக்குப் படுத்தால் நாலு மணி நேரம். பஸ்ஸில்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் திரும்பும்போது இறங்க முடியாமல் அவள் பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டர் விசில் அடிக்காமல் காத்திருந்தார். அன்றைக்கு மயில்சாமி பட்ட வேதனையில்தான் அந்தப் பழைய கரண்ட் கார் வீட்டுக்கு வந்தது. பேட்டரி வயசான பேட்டரி. முழுசாக ஏற்றினால் எண்பது கிலோமீட்டர் ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போகவர அறுபது. அது போதும், மற்ற நாளில் வாடகைக்கும் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டார்.

வாரியத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கரண்ட் கார் வைத்திருப்பவர் எல்லோரும் வாரியத்தின் பச்சைப் பெட்டி வழியாகத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். சாதாரண பிளக்கில் சொருகினால் வண்டி வாங்கிக்கொள்ளாதபடி பூட்டுப் போட்டிருந்தார்கள். வெளியே சார்ஜ் போடும் கடைகளிலும் முதலில் கேட்பது வாரியம் கொடுத்த நுகர்வோர் எண்ணைத்தான்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாரியத்தின் இன்ஜினியர் சசிதர் வந்து வாசல் சுவரில் பெட்டியை மாட்டினார். துடியலூர்ப் பையன், மரியாதை தெரிந்தவர்.

"இப்பவே சொருகீருங்க அண்ணா. நல்ல வெயில். பெட்டிக்கு மொத ஏத்தம் ரொம்ப முக்கியமுங்க."

பாவாத்தாள் உள்ளே போய் தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஏனுங்க தம்பி, இது ராகு காலமுங்க. போதாததுக்குக் கரிநாளு வேற. புது வண்டிக்கு மொத மொதல்ல கரண்ட் குடுக்கறது இன்னிக்கா?"

"புது வண்டி இல்லீங்களே அக்கா, பழசுதானுங்களே."

"நம்மூட்டுக்குப் புதுசுதானுங்க."

சசிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காலின் வீக்கத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். மறுநாள் விடியக்காலம் நாலே முக்காலுக்குக் காருக்கு மஞ்சள் தெளித்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, பச்சைப் பெட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பிளக்கைச் சொருகினார்கள். பெட்டியில் விளக்கு எரிந்தது. பாவாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் மயில்சாமியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'மதிப்பிற்குரிய நுகர்வோரே! உங்கள் முதல் ஏற்றம் சூரியன் இல்லாத நேரத்தில், காற்று குறைந்த நேரத்தில், முழுக்க நிலக்கரியில் நிகழ்ந்துள்ளது. விதி 7-ன்படி முதல் ஏற்றமே நுகர்வோரின் குணம். உங்கள் குணம்: இருட்டு. வாழ்த்துகள்.'

வாழ்த்துகள் என்று இருந்ததால் நல்ல செய்திதான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

இருட்டு நுகர்வோர் என்றால் என்ன என்பது அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. வெயில் கரண்ட் வந்தால் முதலில் பச்சை நுகர்வோருக்கு, பிறகு இளம்பச்சைக்கு, அப்புறம் சாம்பலுக்கு. எல்லோரும் ஏற்றி முடித்து மிச்சம் மீதி இருந்தால் இருட்டுக்கு. அந்த மிச்சமும் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள்தான் வரும். வாரத்தில் மூன்று நாள் அந்த நேரத்தில் கார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும். மற்ற நாளில் மயில்சாமி வாடகைக்குக்கூடப் போகாமல் காரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டு வைத்தார். ஒருநாள் பத்து சதவீதம் ஏறும். ஒருநாள் மூன்று. பெட்டி 'பொறுமையே பசுமை' என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துவிடும். தண்ணீர்க் குழாயில் காற்று வருகிற மாதிரி அதிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும்.

சார்ஜ் போதாமல் முதல் தடவை டயாலிசிஸ் தவறியது ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் பாவாத்தாளின் முகம் ஊதிவிட்டது. செருப்பு காலில் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது என்பதால் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். மயில்சாமி நேராக வாரியத்துக்குப் பஸ் ஏறினார்.

வாரியத்தின் ஆபீஸ் ஏழு மாடி. வெளியே கல்லைப் பிளக்கிற வெயில். உள்ளே எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை போட்டு, டியூப்லைட் எரியவிட்டு, ஏசி வைத்து, குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். துணை இயக்குநர் சீனிவாசலு, தலை நிறையப் படிப்பும் வாய் நிறைய மரியாதையுமாக, எழுந்து நின்று கும்பிட்டார். காபி வரவழைத்தார்.

"மயில்சாமி, உங்களப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுதுங்க. இருவத்தியோராம் நூற்றாண்டுல போயி ராகு காலம், கரிநாளுன்னுட்டு இருக்கலாமுங்களா? ஒரு காரியத்த நேரம் பாத்துச் செய்யறதெல்லாம் மூடநம்பிக்கையில்லீங்களா?"

அவர் தலைக்கு மேலே சுவரில் வாரியம் அச்சடித்த பெரிய நேர அட்டவணை தொங்கியது. கிழமை வாரியாகப் பச்சை நேரம், சாம்பல் நேரம், இருட்டு நேரம் என்று கட்டம் கட்டியிருந்தது. ஓரத்தில் 'இந்நேரங்களில் ஏற்றத்தைத் தவிர்க்கவும்' என்று சிவப்பில் போட்டிருந்தது.

"தப்புத்தானுங்க சார். தெரியாமச் செஞ்சுபோட்டோமுங்க. என்ற ஊட்டுக்காரிக்கு டயாலிசிஸுங்க. நேத்து விட்டுப்போச்சு. நாளைக்கும் விட்டுப்போச்சுன்னா உசுரு நிக்காதுன்னு டாக்டர் சொல்றாருங்க. இந்த இருட்ட மட்டும் எடுத்துவுட்டுருங்க சார்."

"எடுக்கலாமுங்க. அதுக்கு விதி இருக்குது. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, தவறாம பச்சை நேரத்துல வண்டி பெட்டியில சொருகியிருக்கோணும். சார்ஜ் ஏறோணும்னு அவசியமில்லீங்க. சொருகியிருந்தாப் போதும். அதுக்குப் பேரு ஒழுக்கம்."

"பச்சை நேரத்துல மூணு நாளு வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குமுங்க."

"வெயில்லயா நிக்குது?"

"ஆமாங்க சார். சுட்டெரிக்கற வெயிலுங்க."

சீனிவாசலு வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "வெயில்ல நின்னாப் பத்தாதுங்க. வெயிலு ஒயரு வழியா வரோணும். வண்டிய எப்ப ஏத்தறீங்கங்கறதுதான் எங்க துறை. வண்டி எங்க போகுது, போய்ச் சேருதா இல்லையாங்கறதெல்லாம் போக்குவரத்துத் துறைங்க. அதுல நாங்க தலையிட்டாத் தப்பாப் போயிரும்."

மயில்சாமியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அதைப் பார்த்ததும் சீனிவாசலு மேசை டிராயரைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். "ஒரு வழி இருக்குது. காத்து. இது காத்துக் காலமுங்களே. இருட்டு நுகர்வோர் காத்து அனுமதிக்கு மனு போடலாம். காத்து வீசுதுன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்கன்னா அன்னிக்கு முழுசா ஏத்திக்கலாமுங்க."

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மயில்சாமி ஓடி வந்தார்.

பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் பத்துத் தறி வைத்து ஓட்டுகிறவர். பார்க்க முரடு, ஆனால் உதவி என்றால் முன்னால் நிற்பவர். அவர் வெளியே வந்து நின்றார். காற்று அவர் தோளில் கிடந்த துண்டைப் பறித்துக்கொண்டுபோய் முருங்கைமரத்தில் போட்டது.

"இதுக்கு என்ற கையெழுத்து வேணுமாக்கு?" என்று கேட்டுக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அவர் சம்சாரம் நஞ்சம்மாளும் போட்டார்.

மறுநாள் வியாழன் காலை வாரியத்திலிருந்து காற்று ஆய்வாளர் வந்தார். வாசலில் நின்றார். அவர் தலைமுடி நெட்டுக்குத்தாக நின்றது. கையில் இருந்த மனுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"காத்து இருக்குதுங்க," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா இது சோமனூர்க் காத்து. இங்க காத்தாலை கெடையாது. காத்தாலை இருக்கற ஊருக் காத்துத்தான் செல்லும். தாராபுரம் போயி அங்க எங்க கிளை ஆபீசுல இன்னிக்குக் காத்து வீசுதுன்னு சான்று வாங்கிட்டு வந்துருங்க."

"தாராபுரத்துக்கு எதுலீங்க போறது? வண்டியில ரெண்டு பர்சென்டுதானுங்க இருக்குது."

"பஸ்சு இருக்குதுங்களே," என்றார் ஆய்வாளர், தன் டீசல் ஜீப்பில் ஏறிக்கொண்டே.

பொங்கியண்ணன் துணி மூட்டை ஏற்றும் தன் டெம்போவில் பாவாத்தாளை முன்சீட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர் கூட்டிப்போனதால் அன்றைக்கு உயிர் பிழைத்தது. மயில்சாமி திருப்பூர் போய், பஸ் மாறி, தாராபுரம் போய், கிளை ஆபீசைக் கண்டுபிடித்தபோது மணி மூன்றே கால். ஆபீஸ் மாடியில் ஏறி நின்றால் நாலாபக்கமும் காற்றாலை. அத்தனையும் வெள்ளை வெளேரென்று அசையாமல் நின்றன. மதியம் இரண்டு மணிக்குக் காற்று நின்றுவிட்டதாம்.

"வரும் வழியெல்லாம் அடிச்சுதுங்களே!"

"காலையில அடிச்சது நெசந்தானுங்க," என்றார் கிளை ஆபீஸர். "அதுக்கு வேணும்னா சான்று தாரேன். காலையில வீசியதுன்னு இறந்த காலத்துலதான் எழுத முடியும். கோயம்புத்தூர் ஆபீசுல குடுத்துப் பாருங்க."

வாங்கி வந்து கொடுத்துப் பார்த்தார். காலையில் அடித்த காற்றுக்குக் காலையிலேயே கரண்ட் எடுத்தாகிவிட்டது, அதை வேறு யாரோ செலவழித்தும் ஆகிவிட்டது, போன காற்றுக்கு இன்றைக்குக் கரண்ட் கேட்பது அடுத்தவர் சொத்தைக் கேட்பது போல என்று பதில் வந்தது. அதோடு, காற்றைப் பற்றித் தவறான நம்பிக்கை ஏற்படுத்தியதற்காக இருட்டு, 'கடும் இருட்டு' ஆனது. பெட்டி இப்போது மூன்று சதவீதம்கூடத் தருவதில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பிழைப்பு பொங்கியண்ணனின் துணியை நம்பி ஓடியது. தறியில் துணி இறங்கினால் டெம்போ கோயம்புத்தூர் போகும். டெம்போ போனால் பாவாத்தாள் போவாள். நூல் வராத வாரம் துணி இல்லை, டெம்போ இல்லை. வாடகைக் கார் பிடிக்கலாம் என்றால் மயில்சாமியே வாடகைக் கார்க்காரர், ஓடாத காரை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். டவுனிலிருந்து வரும் வண்டிக்கு ஒருதரம் வாடகை கொடுத்தார், இரண்டாம் தரம் கொடுக்கப் பணம் இல்லை. கடும் இருட்டான பத்தொன்பது நாளில் இரண்டு தடவை தவறிவிட்டது. பாவாத்தாள் ஒருநாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று குறைத்துக்கொண்டாள். வாய் காய்ந்து பேச்சு ஒட்டிக்கொண்டு வரும்.

"நாம பஸ்சுலயே போயிக்கலாமுங்க," என்றாள். "நீங்க அந்தப் பொட்டிக்கு முன்னால கைகட்டி நிக்கறதப் பாக்கறக்கு எனக்கு மனசு கேக்கலீங்க."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனார். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது மயில்சாமிக்கு அழுகை வந்தது. ரோட்டில் எல்லோரும் பார்க்க அழுதார்.

இருபதாம் நாள் வாரியத்திலிருந்து போன். சீனிவாசலுவே பேசினார்.

"மயில்சாமிங்களா? இனிப்பு வாங்கி வைங்க. பத்தொம்பது நாளா உங்க வண்டி ஒரு யூனிட்டுகூட இருட்டு கரண்ட் ஏத்தலீங்க. மாவட்டத்துலயே ஆரும் இப்படிச் செஞ்சதில்ல. கடும் இருட்டுல இருந்து திருந்துனவருன்னு உங்களுக்குத்தான் இந்த வருசத்துப் பசுமைச் செம்மல் விருது!"

"எந்தக் கரண்டுமே ஏத்தலீங்க சார். வண்டி செத்துக் கெடக்குதுங்க."

"அந்தத் தன்னடக்கந்தானுங்க எங்களுக்குப் பிடிச்சது. வியாழக்கெழமை விழா. வண்டியும் குடும்பமும் வரோணும். மேடையில வெச்சு எல்லார் முன்னாலயும் முழுசா ஏத்திக் குடுப்போம். அன்னியிலிருந்து உங்க குணமும் பச்சை."

முழுசாக என்ற ஒரு சொல்லுக்காக மயில்சாமி ஒப்புக்கொண்டார். குணம் பச்சையாகிவிட்டால் அதற்கப்புறம் வாரம் மூன்று நாளும் கவலையில்லை. டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் கிருபா நல்ல பெண். அவரிடம் கெஞ்சி, அன்றைக்குப் பதினொரு மணி முறையை ஒரு மணிக்கு மாற்றி வாங்கினார்.

"ஒண்ணரைக்கு மேல என்னால மெசினைப் புடிச்சு வெக்க முடியாதுங்க அண்ணா. அடுத்த ஆளு காத்திருப்பாங்க," என்றார் கிருபா.

வியாழன் காலை, ஓடாத காரைக் கட்டி இழுத்துப் போக வாரியம் ஒரு டீசல் லாரி அனுப்பியது. காருக்கு மாலை போட்டு, காருக்குள் பாவாத்தாளை உட்காரவைத்து, கொடிசியா கண்காட்சி வளாகத்துப் பக்கம் ஒரு மைதானத்துக்கு இழுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து நாலே கிலோமீட்டர். மேடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, மேடைக்கென்றே வைத்திருந்த சோலார் பலகையோடு சேர்த்து, சசிதர் பிளக்கைச் சொருகிப் பூட்டினார். சீனிவாசலு பேசி முடித்துத் தன் கையால் பிளக்கைக் கழற்றிக் கொடுப்பதுதான் விழாவின் உச்சம். காரில் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று காட்ட மேடையில் பெரிய திரை வைத்திருந்தார்கள்.

பதினொரு மணிக்கு விழா தொடங்கியது. திரையில் நாலு, ஒன்பது, பதினைந்து என்று ஏறியது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். மேடையில் நடு நாற்காலியில் சால்வையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த மயில்சாமி ஜென்மத்தில் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. பன்னிரண்டே காலுக்கு முப்பத்தொன்று. அப்போதுதான் சீனிவாசலு பேச எழுந்தார்.

அப்போதுதான் மேகமும் வந்தது. மேற்கேயிருந்து ஆடி மாதத்துச் சாரல் மேகம், வானத்தை மூடிக்கொண்டு நின்றது. மைக் ஒருதரம் கரகரத்தது. சசிதர் ஓடிப்போய்ப் பெட்டியில் எதையோ அழுத்தினார். மைக் தெளிவாகிவிட்டது. மேடை ஃபேன் சுற்றியது, விளக்குகள் எரிந்தன. திரையில் முப்பத்தொன்று முப்பதாகி, இருபத்தெட்டானது.

"கவனிச்சீங்களா!" என்று சீனிவாசலு பூரித்துப்போனார். "சூரியன் மறைஞ்சுது. ஆனா நம்ம விழா நிக்கலே. ஏன்? மயில்சாமியோட வண்டி நமக்குத் திருப்பிக் குடுக்குது! நான் இப்பப் பேசறது அவரு வண்டியிலிருந்து வர்ற கரண்ட்லதானுங்க. இதுதான் பசுமைச் சேவை!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இருபத்திரண்டு.

மயில்சாமிக்கு வியர்த்தது. ஆஸ்பத்திரி போய், வீடு திரும்பி, மறுபடி ஏற்றுவது வரைக்கும் எவ்வளவு வேண்டும் என்று மனசுக்குள் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். அவர் கூட்டுவதற்குள் திரையில் குறைந்துகொண்டே வந்தது. பேச்சு இதோ முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று சால்வை நுனியைப் பிசைந்தார். சீனிவாசலு சூரியனின் வரலாற்றைச் சொன்னார். காற்றின் பெருமையைச் சொன்னார். தன் பள்ளி நாட்களைச் சொன்னார். பதினாறு.

"பெரியோர்களே, நம்மளோட அடுத்த இலக்கு ஆஸ்பத்திரிகள். இன்னிக்குத் தேதி முதல் கொண்டு நம்ம நகரத்து ஆஸ்பத்திரி மெசினுகளுக்கும் பச்சைப் பெட்டி மாட்டறோம். சிலரு கேக்கறாங்க, நோயாளி என்னங்க பண்ணுவான்னு. நான் கேக்கறேன், இருட்டு கரண்ட்ல பொழைச்சு எந்திரிச்சு அவங்க எந்த ஒலகத்துல வாழப் போறாங்க? வலியும் கொஞ்சம் வெயிலு பாத்து வரப் பழகோணுமுங்க."

மணி ஒன்று பத்து. ஒன்பது சதவீதம். மேடையிலிருந்து மயில்சாமி காரைப் பார்த்தார். பாவாத்தாள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். சீனிவாசலு அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்து அணைத்துக்கொள்ள வந்தார். மயில்சாமி அவரைத் தாண்டிக் குதித்து இறங்கி, பிளக்கைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார்.

"அது பூட்டியிருக்குதுங்க அண்ணா," என்றார் சசிதர், அழுதுவிடுகிற குரலில். "சார் பேசி முடிச்சுக் கட்டைவிரல் வெச்சாத்தானுங்க தொறக்கும்."

"போயி வெக்கச் சொல்லு கண்ணு! மூச்சு முட்டுது பாரு!"

"பேச்சுக்கு நடுவுல ஆரும் போகக்கூடாதுன்னு விதிங்க."

மயில்சாமி கார்க் கதவைத் திறந்து பாவாத்தாளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். கழுத்தில் கிடந்த மாலை பிய்ந்து வழியெல்லாம் சிதறியது. அங்கே யாருக்கோ காத்திருந்த பெட்ரோல் ஆட்டோக்காரர் அக்பர் அலி ஒரு வார்த்தை கேட்காமல் பின்சீட்டுச் சங்கிலியை அவிழ்த்து ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பின்னால் திரையில் பூச்சியம் ஆகியிருக்க வேண்டும், மைக் செத்துவிட்டது. சீனிவாசலு மைக் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தது கொஞ்ச தூரம்வரை கேட்டது.

வார்டுக்குள் நுழைந்தபோது ஒன்று முப்பத்தெட்டு. மெசினை அடுத்த ஆளுக்குப் போட்டாகிவிட்டது. கிருபா பாவாத்தாளின் முகத்தைப் பார்த்தார். ஓடிப்போய் டாக்டரிடம் பேசி, ரிப்பேர் பார்த்து ஓரமாக வைத்திருந்த ஒரு மெசினைத் தள்ளிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த பிளக்கில் சொருகி, கையில் ஊசிகளை ஏற்றினார். ரத்தம் குழாயில் சிவப்பாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் பாவாத்தாள் மூச்சு சீராகிக் கண் மூடினாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க அண்ணா. இன்னொரு மணி நேரம் ஆயிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார் கிருபா. மயில்சாமி அந்தச் சிவப்புக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்கு வார்டுக் கதவு திறந்தது. சசிதர் வந்தார். இரண்டு கையிலும் பச்சைப் பெட்டி. பின்னால் சீனிவாசலு, விழா மாலையோடு, கேமராக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மயில்சாமியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களும் இங்கதானுங்களா! பாருங்க, எப்படிப் பொருந்துதுன்னு. மொதப் பெட்டிய உங்க சம்சாரத்து மெசின்லயே மாட்டிப் போட்டோ எடுத்துக்கலாமுங்க. செம்மல் குடும்பம்!"

"பெட்டி மாட்டோணும்னா மெசினை ஒரு தடவ ஆஃப் பண்ணோணுமுங்க சார்," என்றார் சசிதர் தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆஃப் பண்ணக் கூடாதுங்க!" கிருபா குறுக்கே வந்தார். "ஒடம்பு ரத்தம் கொழாயில வெளிய ஓடீட்டிருக்குது. இது பழைய மெசினு, பேக்கப் பேட்டரி கெடையாது."

"ஒரே ஒரு நிமிசந்தானுங்க சிஸ்டர். ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒப்புதல் குடுத்து கையெழுத்துப் போட்டாச்சு. மாட்டினதும் நாளைக்குப் பதினொரு மணி வெயிலுக்குத் தானா ஆன் ஆயிரும்," என்றார் சீனிவாசலு. பிறகு மயில்சாமியின் தோளில் அன்பாகக் கை வைத்தார். "சித்த நகருங்க மயில்சாமி. பிளக்கு உங்களுக்குப் பின்னால இருக்குது."

மயில்சாமி திரும்பிச் சுவரைப் பார்த்தார். மெசினின் பிளக் முழங்கால் உயரத்தில் இருந்தது. தோளில் கிடந்த பசுமைச் செம்மல் சால்வையை எடுத்து, நாலாக மடித்து, தரையில் போட்டார். அதன்மேல் சம்மணங்கால் போட்டு, பிளக்கை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னுங்க இது, சின்னப்புள்ளையாட்ட? எந்திரிங்க."

"எந்திரிக்க மாட்டேன்."

"விதிங்க மயில்சாமி."

"போய்யா," என்றார் மயில்சாமி. "அப்படியே போயிரு."

வார்டில் படுத்திருந்த ஏழு பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கேமராக்காரர் கேமராவை இறக்கினார். சசிதர் பெட்டிகளைத் தரையில் வைத்துவிட்டு, எடுக்காமல் நின்றார். சீனிவாசலு போனை எடுத்து, இருட்டு நுகர்வோர் ஒருவர் சுவரை ஆக்கிரமித்தால் எந்த விதி பொருந்தும் என்று யாரையோ கேட்க ஆரம்பித்தார்.

பாவாத்தாள் கண்ணைத் திறந்தாள். எதையும் பெரிசு பண்ணாமல் விட்டுவிடுங்கள் என்று சொல்லியே பழகியவள், அதைத்தான் இப்போதும் சொல்வாள் என்று மயில்சாமி நினைத்தார்.

"ஏனுங்க," என்றாள்.

"என்ன புள்ள?"

"முதுகுக்கும் செவுத்துக்கும் நடுவுல சந்து தெரியுதுங்க. நல்லாச் சாஞ்சு உக்காருங்க."